அடுப்படிக்கும் மணிக்கணக்கு உண்டு

வாசகர் கேள்வி – பதில்: சிங்கப்பூர் உணவக வேலை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உணவகங்களிலிருந்து. காரணம் தெரிந்ததுதான். 2023 செப்டம்பர் முதல் சிங்கப்பூரின் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியிலேயே எடுக்கலாம் என்று விதி வந்தது. நிலையான மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையக்கூடாது என்பது நிபந்தனை. அதன் பிறகு தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர்கள் பலர் இப்போது லிட்டில் இந்தியாவில், தேக்காவைச் சுற்றி அடுப்படிகளில் நிற்கிறார்கள்.

என் வேலைக்காலம் முழுக்க சிராங்கூன் ரோட்டுப் பக்கத்து உணவகங்களில் கணக்கு எழுதியே போனது. சம்பளச் சீட்டு தயாரித்த கை இது. எந்தக் கட்டத்தில் எதை எழுதாமல் விடுவார்கள் என்று தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் பதில் சொல்கிறேன்.

"அக்கா, நான் தோசை மாஸ்டராக வந்து எட்டு மாதம் ஆகிறது. காலை 9 மணிக்குக் கடைக்குள் போனால் 3 மணி வரை கல்லில் நிற்பேன். 3 முதல் 5.30 வரை பிரேக். 5.30க்கு மறுபடி நின்றால் இரவு 11 மணிக்குத்தான் அடுப்பை அணைப்போம். வாரம் ஆறு நாள். சம்பளம் 2,000 வெள்ளி ஒழுங்காக வருகிறது. ஓவர்டைம் கேட்டால், 'எல்லாம் சேர்த்துத்தான் 2,000' என்கிறார் மேனேஜர். பிரேக் நேரத்திலும் பல நாள் வெங்காயம் உரிக்க உட்கார வைக்கிறார்கள். இது சரிதானா?"
— பெயர் வேண்டாம், சையது ஆல்வி ரோடு

சரியில்லை தம்பி. சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று நீங்களே சொல்லும்போது குறை சொல்லத் தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் உங்களுக்கு வரவேண்டியதில் ஒரு பெரிய பகுதி வரவே இல்லை.

முதலில் மணியை எண்ணுவோம். காலையில் 6 மணி நேரம், மாலையில் ஐந்தரை மணி நேரம், ஒரு நாளைக்கு பதினொன்றரை. ஆறு நாளுக்கு 69 மணி நேரம். வேலை நியமனச் சட்டத்தின்படி வழக்கமான வேலை வாரத்துக்கு 44 மணி நேரம்தான். மீதி 25 மணி நேரமும் ஓவர்டைம். அதற்கு மணிக்கூலியைப் போல ஒன்றரை மடங்காவது தர வேண்டும்.

மணிக்கூலியை மேனேஜர் மனசுபோல் போடக்கூடாது, அதற்குக் கணக்கு இருக்கிறது. மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288ஆல் வகுக்க வேண்டும். உங்கள் 2,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றால் மணிக்கு 10 வெள்ளி 49 காசு. ஒன்றரை மடங்கு 15 வெள்ளி 73 காசு. 25 மணி நேரத்துக்கு 393 வெள்ளி 25 காசு. இது ஒரு வாரக் கணக்கு. நான்கு வாரம் சேர்த்தால் 1,573 வெள்ளி. எட்டு மாதத்துக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். உங்கள் ஐபிஏ கடிதத்தை, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, எடுத்து அடிப்படைச் சம்பளம் என்ற கட்டத்தைப் பாருங்கள். சில கடைகளில் 1,400 அடிப்படை, 600 நிலையான படி என்று பிரித்திருப்பார்கள். அப்படியானால் ஓவர்டைம் 1,400க்குத்தான் கணக்காகும். மணிக்கு 11 வெள்ளி 1 காசு வரும். குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. "எல்லாம் சேர்த்துத்தான்" என்ற பேச்சுக்கு அந்தக் கடிதத்தில் இடமே கிடையாது.

அடுத்தது பிரேக். கடைக்காரர்கள் அதிகம் ஏமாற்றுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலாளியின் பிடியில் இருந்துகொண்டு, நம் நேரத்தையும் நடமாட்டத்தையும் நாமே தீர்மானிக்க முடியாத நேரம் எல்லாம் வேலை நேரம் என்றுதான் சட்டம் சொல்கிறது. சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் விடும் இடைவெளி மட்டும் சேராது. 3 மணிக்கு மேல் அறைக்குப் போய்ப் படுத்தீர்கள், வீட்டுக்குப் பேசினீர்கள், முஸ்தபா கடை வரை நடந்துவிட்டு வந்தீர்கள் என்றால் அது ஓய்வு. பின்கட்டில் உட்கார்ந்து 10 கிலோ வெங்காயம் உரித்தீர்கள் என்றால் வேலை. அட்டவணையில் அதற்கு பிரேக் என்று பெயர் எழுதியிருந்தாலும் வேலைதான். ஒரு மணி நேரம் உரித்த நாளில் உங்கள் மொத்தம் பன்னிரண்டரை ஆகிறது. ஓவர்டைமையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. மாதத்துக்கு ஓவர்டைம் 72 மணி நேரம்தான் உச்சவரம்பு. உங்களுக்கு நூறைத் தாண்டுகிறது. காலை 9 முதல் 3 வரை இடைவெளி விடாமல் நிற்பதும் விளிம்பில்தான் இருக்கிறது, தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. 3.10க்கு ஒரு டேபிளுக்கு இன்னும் நாலு ரோஸ்ட் என்று சத்தம் வந்தால் அந்த வரம்பும் உடைகிறது.

இன்றைக்கே ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். கடை நோட்டை நம்பி இருக்க வேண்டாம். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் வருகைப் பதிவேடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், முப்பது நாளும் "10.00 – 7.00" என்று இறங்கியிருக்கும். எல்லாரும் வரிசையாக நின்று கையெழுத்துப் போடுவார்கள். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவரை நான் கண்டதில்லை. உங்கள் நோட்டில் நீங்கள் அன்றன்றைக்கு எழுதுங்கள்: உள்ளே போன நேரம், கல்லை விட்டு இறங்கிய நேரம், பிரேக்கில் என்ன செய்தீர்கள், அடுப்பு அணைத்த நேரம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் ரோஸ்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "சீக்கிரம் வா" என்று மேனேஜர் அனுப்பும் வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். மாதச் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் எத்தனை மணி, எவ்வளவு பணம் என்று தனியாகக் காட்ட வேண்டும் என்பது விதி. அந்தச் சீட்டே தருவதில்லை என்றால் அதுவே தனிக் குற்றம்.

"என் கணவர் பரோட்டா மாஸ்டர். ஏஜண்ட் 2,000 வெள்ளி என்று சொல்லித்தான் அனுப்பினார். தமிழில் வந்த கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது. அங்கே போய் இறங்கிய மறுநாளே வேறு ஒரு இங்கிலீஷ் பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். இப்போது பேங்கில் 2,000 விழுகிறது, அன்று மாலையே 600 வெள்ளியை எடுத்து மேனேஜரிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. லெவிக்கு என்று சொல்கிறார்களாம். கடப்பிதழும் (பாஸ்போர்ட்) அவர்களிடம்தான். கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் இவர். உண்மையா?"
— ஒரு வாசகி, மன்னார்குடி

உண்மை இல்லை, அம்மா. உங்கள் கணவரிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் தமிழ்க் கடிதம் ஐபிஏ, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல். ஊழியர் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அவருக்குப் புரியும் மொழியில் அது கையில் கிடைக்க வேண்டும். அதில் எழுதிய நிலையான மாதச் சம்பளத்தை முதலாளி மனிதவள அமைச்சிடம் அறிவித்திருக்கிறார். அதைக் குறைக்க வேண்டுமானால் ஊழியர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். வந்து இறங்கிய மறுநாள், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு அமைச்சிடம் சொன்ன தொகையைக் கரைக்க முடியாது.

அந்த 600 வெள்ளி இதைவிடப் பெரிய விஷயம். வேலை கொடுத்ததற்காகவோ வேலையில் வைத்திருப்பதற்காகவோ வெளிநாட்டு ஊழியரிடம் பணம் வாங்குவது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். லெவி முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் பணம். அதில் ஒரு வெள்ளிகூட ஊழியர் தலையில் விழக்கூடாது. பேங்கில் முழுதாகப் போட்டுவிட்டுக் கையில் திரும்ப வாங்குவது பழைய தந்திரம், நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சம்பளம் விழுந்த அன்றே ஏடிஎம்மில் 600 எடுத்திருப்பார் இல்லையா? அந்தப் பேங்க் ஸ்டேட்மெண்ட்தான் அவருடைய சாட்சி. எடுத்த நேரமும் இடமும் அதில் இருக்கும். பணம் கொடுக்கும் நாளில் மேனேஜருக்கு "அண்ணே, இந்த மாச 600 கொடுத்துட்டேன்" என்று ஒரு மெசேஜ் அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது.

கடப்பிதழ் அவருடையது. அவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், பிடித்து வைத்திருப்பது குற்றம்.

ஏஜண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள் சேர்ப்பு ஏஜண்ட், வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. சிங்கப்பூர் ஏஜென்சி வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: ஓர் ஆண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கிடையாது. நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்திருந்தால், யாரிடம், எந்தத் தேதியில், எப்படிக் கொடுத்தீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். கடன் இருக்கிறது என்பதால்தான் உங்கள் கணவர் வாயைத் திறக்கப் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாதம் 600 வெள்ளி போய்க்கொண்டிருந்தால் அந்தக் கடன் அடையாது.

"நான் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வந்து சப்ளையர் வேலை செய்கிறேன். சம்பளம் 1,800. நான் உள்ளே பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் சாப்பிட்டுவிட்டு 86 வெள்ளி பில் கட்டாமல் போய்விட்டது. என் டேபிள் என்பதால் என் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். தட்டு உடைந்தாலும் பிடிக்கிறார்கள். தீபாவளிக்கும் வேலை, தனியாக ஒன்றும் தரவில்லை. பாலத்தில் நிற்கும் நேரமும் வேலை நேரத்தில் சேருமா?"
— ஒரு வாசகர், ஜோகூர்

பிடித்தம் செய்வதற்கு மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. அந்தப் பொருளோ பணமோ உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பு நேரடியாக உங்கள் கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்பு உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. நீங்கள் உள்ளே பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது வாடிக்கையாளர் எழுந்து போனதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்? வாசலில் கல்லா இருக்கிறது, கல்லாவில் ஆள் இருக்கிறார். அந்த 86 வெள்ளியைத் திரும்பக் கேளுங்கள்.

தீபாவளி இங்கே சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறை. ஆண்டுக்கு 11 நாள் அப்படி உண்டு. அன்று வேலை வாங்கினால், மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். வாரம் ஆறு நாள் வேலை, 1,800 வெள்ளி என்றால் ஒரு நாளுக்கு 69 வெள்ளி 23 காசு. அதற்குப் பதிலாக வேறொரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன் என்று இருவரும் பேசி ஒத்துக்கொண்டால் அதுவும் சரி. உங்களிடம் கேட்கவே இல்லை என்றால் பணம்தான். பாலத்தில் நிற்கும் நேரத்தையும் கேட்டிருந்தீர்கள். வருத்தமாக இருக்கிறது, ஆனால் வீட்டிலிருந்து வரும் பயணம் வேலை நேரத்தில் சேராது.

"வணக்கம் அக்கா. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில் பார்ட் டைமாக வேலை செய்கிறேன். நான் சிங்கப்பூர்க் குடிமகள், வயது 41. தினம் 5 மணி நேரம், வாரம் 5 நாள், மணிக்கு 11 வெள்ளி. கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று பெரிய ஆர்டர் வந்தால் 11 மணி நேரம்கூட நிற்கிறேன். அதற்கும் மணிக்கு 11 வெள்ளிதான். காசாகக் கையில் தருகிறார்கள், மசேநிதி (மத்திய சேம நிதி) கட்டுவதில்லை. பார்ட் டைமுக்கு ஓவர்டைம் கிடையாது என்கிறார்கள்."
— இல்லத்தரசி, ஈசூன்

கிடையாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர் பகுதிநேர ஊழியர். அவருக்கென்று தனி விதிமுறைகளே இருக்கின்றன.

கணக்கு இப்படி. உங்கள் வழக்கமான 5 மணி நேரத்தைத் தாண்டி, அங்கே முழுநேர ஊழியர் செய்யும் 8 மணி நேரம் வரைக்கும் சாதாரண கூலி. எட்டைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு. 11 மணி நேரம் நின்ற நாளில் முதல் எட்டுக்கு 88 வெள்ளி, அடுத்த மூன்றுக்கு 16.50 வீதம் 49.50, மொத்தம் 137.50. உங்களுக்கு வந்தது 121. பதினாறரை வெள்ளி சின்னத் தொகை என்று விட்டுவிடுவீர்கள். முகூர்த்த மாதங்களில் எத்தனை ஆர்டர் வருகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பெரிய இழப்பு மசேநிதியில் இருக்கிறது. மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பாதிக்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் முதலாளி மசேநிதி கட்டியே ஆக வேண்டும். பார்ட் டைமா, காசாகக் கொடுத்தாரா என்பதெல்லாம் கணக்கில்லை. மாதம் சுமார் 1,200 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் வயதுக்கு முதலாளி போட வேண்டியது 17 விழுக்காடு, அதாவது 204 வெள்ளி. மாதாமாதம் அது உங்கள் கணக்கில் ஏறாமல் போகிறது. "உங்கள் பங்கும் 20 விழுக்காடு பிடித்துவிடுவோம், கையில் குறையும்" என்று பயமுறுத்துவார்கள். பிடிக்கட்டும். அதுவும் உங்கள் கணக்குக்குத்தான் போகிறது, வீட்டுக் கடனுக்கும் மருத்துவத்துக்கும் உங்களுக்கே உதவும். மசேநிதிக் கழகத்திடம் நேரடியாகப் புகார் செய்யலாம். விடுமுறையும் ஆண்டு விடுப்பும் உங்கள் மணி நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் உங்களுக்கு உண்டு. வேலையின் முக்கிய விவரங்களை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வாரமாவது தொடர்ந்து வேலை செய்யும் யாருக்கும், வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் அதைத் தர வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து இந்த விதி இருக்கிறது.

"எனக்கு கிச்சன் சூபர்வைசர் என்று பதவி கொடுத்து 2,900 வெள்ளி தருகிறார்கள். சூபர்வைசருக்கு ஓவர்டைம் இல்லையாம். ஆனால் நாள் முழுக்க நானும் தந்தூரி அடுப்பில்தான் நிற்கிறேன்."
— சமையல்காரர், ஜூரோங்

பதவிப் பெயரைப் பார்த்து எதுவும் முடிவாகாது. வேலை நேரம், ஓவர்டைம், ஓய்வு நாள் பற்றிய பகுதி இரண்டு வரம்புக்குள் பொருந்தும். உடலுழைப்பு செய்பவருக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்றவர்களுக்கு 2,600 வரை. மேலாளர்கள் இதில் வரமாட்டார்கள். நீங்கள் 2,600ஐத் தாண்டிவிட்டீர்கள், ஆகவே எல்லாம் நீங்கள் உடலுழைப்பு ஊழியரா என்பதில் நிற்கிறது. பாதி உடலுழைப்பு, பாதி மேற்பார்வை என்று இருந்தால், ஒரு சம்பளக் காலத்திலாவது பாதி நேரமோ அதற்கு மேலோ கைவேலை செய்தவரை உடலுழைப்பு ஊழியராகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. அதனால் எத்தனை மணி நேரம் அடுப்பில் நின்றீர்கள், எத்தனை மணி நேரம் ஸ்டாக் எழுதினீர்கள் என்று பிரித்துக் குறித்து வையுங்கள். உங்களுக்குக் கேட்க இடமிருக்கிறது.

"நான் ஒரு சின்ன உணவகம் நடத்துகிறேன். உங்கள் பகுதியைப் படித்தால் முதலாளிகள் எல்லாரும் கொடியவர்கள் போல இருக்கிறது. வாடகை, லெவி, காஸ் எல்லாம் ஏறிவிட்டது. சனி ஞாயிறு கூட்டத்தை வாரம் 44 மணி நேரத்துக்குள் எப்படிச் சமாளிப்பது? நீங்களே சொல்லுங்கள்."
— உணவக உரிமையாளர், பஃபலோ ரோடு அருகில்

ஐயா, கேட்டதற்கு நன்றி. நல்ல முதலாளிகளிடமும் வேலை பார்த்திருக்கிறேன். விடியற்காலை மீன் வாங்க அவர்களே போவதையும், மாதக் கடைசியில் மனைவி நகையை வைத்துச் சம்பளம் போட்டதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை.

ஓய்வு நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வாரம் ஒரு முழு நாள் வேண்டும், மாதம் தொடங்கும் முன்பே எந்த நாள் என்று ஊழியருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். லிட்டில் இந்தியாவில் ஞாயிறு கூட்டம் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். திங்களும் வியாழனும் ஓய்வு கொடுங்கள்.

ஊழியர் எழுத்தில் ஒத்துக்கொண்டால், ஷிஃப்ட் முறையில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை போகலாம். தொடர்ந்து மூன்று வாரத்துக்குச் சராசரி 44 வந்தால் போதும். உங்கள் தோசை மாஸ்டருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு பத்துப் பத்து மணி நேரம், செவ்வாயும் புதனும் ஏழு ஏழு. கூட்டினால் 44. ஓவர்டைம் ஒரு காசு இல்லை, அவருக்கும் வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. கையெழுத்து வாங்கும் முன், வேலை நேரம் பற்றிய சட்டப் பிரிவுகளை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. தமிழிலேயே சொல்லுங்கள்.

அப்புறம், காலை 9 மணிக்கே எல்லாரையும் கூட்டி வைக்காதீர்கள். 11.30 வரை சப்ளையர்களுக்கு என்ன வேலை? நாப்கின் மடித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மாவும் சட்னியும் தயாரிக்க இருவர் முன்னால் வரட்டும், அந்த இருவர் முன்னால் கிளம்பட்டும். இரவு பாத்திரத்துக்கு வேறு இருவர் பின்னால் வரட்டும். சனி ஞாயிறு மதியத்துக்கு நான்கு மணி நேரப் பகுதிநேர ஆள் அக்கம்பக்கத்துப் புளோக்குகளிலேயே கிடைப்பார்கள். இவ்வளவு செய்தும் கூட்டம் மிஞ்சினால் ஓவர்டைம் கொடுங்கள். அதைத் தோசை விலையில்தான் ஏற்ற வேண்டும். மாஸ்டரின் தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்.

"தனியார் கல்லூரியில் படிக்க மாணவர் அட்டையில் வந்திருக்கிறேன். வாரம் 16 மணி நேரம் வேலை செய்யலாம் என்று நண்பர்கள் சொல்ல, ஓர் உணவகத்தில் இரவில் பில் போடுகிறேன். ஒப்பந்தம் கேட்கலாமா?"
— மாணவர், 20

தம்பி, இன்றோடு நிறுத்துங்கள். அந்த 16 மணி நேரச் சலுகை அரசு பட்டியலிட்ட பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் போன்றவற்றில் முழுநேரம் படிப்பவர்களுக்குத்தான். தனியார் கல்லூரி மாணவர்களுக்குக் கிடையாது. பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், சிறை, படிப்பும் போகும். செய்த வேலைக்குப் பணம் தராமல் விரட்டினாலும் வாய் திறக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் உங்களை எடுத்திருக்கிறார்கள். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துவிடலாம்.

"என் முதலாளியின் தம்பிக்கு வேறு கடை இருக்கிறது. ஆள் குறைந்தால் என்னை அங்கே அனுப்புகிறார். போகலாமா?"
— சமையல்காரர், தேக்கா

உங்கள் அனுமதியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே, அதில் எழுதிய வேலைக்கு மட்டும்தான் போகலாம். அதே நிறுவனத்தின் இன்னொரு கிளை என்றால் பிரச்சினை இல்லை. தம்பியின் கடை தனி நிறுவனம் என்றால் கூடாது. முதலாளி சொல்லித்தான் போனேன் என்றாலும் உங்கள் பெர்மிட்டுக்கும் ஆபத்து. "அமைச்சில் பெயர் மாற்றிக் கொடுங்கள், போகிறேன்" என்று மெசேஜில் பதில் சொல்லுங்கள், எழுத்தில் இருக்கட்டும்.

"இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. கேட்டதற்கு பெர்மிட்டை ரத்து செய்துவிட்டேன் என்கிறார். நாளை மறுநாள் இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது அக்கா?"
— குறுஞ்செய்தியில் வந்த கேள்வி

இந்தத் தம்பிக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு யாரும் இருக்கலாம் என்பதால் இங்கேயும் போடுகிறேன்.

பெர்மிட் ரத்தானால் சம்பளப் பாக்கி ரத்தாகாது. வெளிநாட்டு ஊழியரை ஊருக்கு அனுப்பும் முன் முதலாளி பாக்கியைத் தீர்க்க வேண்டும், பயணச் செலவையும் அவர்தான் ஏற்க வேண்டும். சம்பளம் கொடுக்காததற்கு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

நேரம் இருக்கும்போது 579 சிராங்கூன் ரோட்டில் உள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போங்கள். 6536 2692 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். சம்பளக் கோரிக்கை முதலில் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில் சமரசப் பேச்சுக்குப் போகும். அங்கே தீராவிட்டால் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றம். 2017இலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது, வக்கீல் தேவையில்லை, வைக்கவும் முடியாது. வேலையில் இருப்பவர், பிரச்சினை நடந்து ஓர் ஆண்டுக்குள் கேட்க வேண்டும். வேலையை விட்டவருக்குக் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம்தான். வழக்கு நடக்கும் காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால், டிடபிள்யூசி2 அமைப்பு 2008இலிருந்து லிட்டில் இந்தியாவில் இப்படிப்பட்ட ஊழியர்களுக்கு இலவச உணவு கொடுத்து வருகிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கும் போகவிடாமல் நேரே சாங்கி விமான நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டால், குடிநுழைவு முகப்பு வரை அமைதியாகப் போங்கள். வாசலில் சண்டை வேண்டாம். கூட வந்தவர் அந்த முகப்பைத் தாண்ட முடியாது. அங்கே இருக்கும் அதிகாரியிடம் போய், "எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறது, நான் போகவில்லை, மனிதவள அமைச்சிடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "நோ சேலரி, எம்ஓஎம்" என்றால் போதும் (எம்ஓஎம் என்பது மனிதவள அமைச்சு). ஐபிஏ கடிதத்தின் போட்டோவும், மணி நேரம் எழுதிய நோட்டும் கையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடாதீர்கள்.